இரைப்பையை நேரில் காட்டிய ரெப்

ஊரார் வயிற்றைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனுக்குத் தன் வயிறு ஞாபகத்திலேயே இருக்காது. அதற்கு நானே அத்தாட்சி.

அப்போது நான் மருந்துக் கம்பெனியில் புது ரெப். வயிற்றுப் புண் வராமல் காக்கும் மாத்திரையைத் தேனியிலிருந்து கூடலூர் வரை டாக்டர்களிடம் விளக்குவதுதான் வேலை. அன்று மேனேஜரும் கூட வந்தார். என் பேச்சைக் கேட்டபிறகுதான் வேலை நிரந்தரமா, வீடா என்று முடிவு செய்வார்.

பைக்கில் அலைந்து அலைந்து முதுகு போயிருந்தது. வலி மாத்திரைதான் பல வாரமாகக் காலைப் பலகாரம். அன்றும் வெறும் வயிற்றில் அதைப் போட்டு, மேலே பாலில்லாமல் ஒரு கட்டன் சாயா. பை நிறைய எங்கள் மாத்திரை சாம்பிள் கிடந்தது. (அது டாக்டர்களுக்கு அல்லவா!)

கம்பத்து டாக்டரம்மா முன்னால் ஆரம்பித்தேன்.

"மேடம், வலி மாத்திரை வலிய மட்டும் நிப்பாட்டாது. இரைப்பைச் சுவருக்குப் போற ரத்த ஓட்டத்தையும் குறைச்சிரும். அப்ப சுவரு தன்னக் காப்பாத்திக்க முடியாம, அமிலம் அரிச்சிரும். அப்புறம்..."

அப்புறம் நடப்பதை நான் சொல்லவில்லை, வாந்தியாக எடுத்தேன். கம்பெனி கொடுத்த வண்ணப் படத்தின் மேலேயே, காப்பித்தூள் நிறத்தில் ரத்தம்.

மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். டாக்டரம்மா அசரவே இல்லை.

"தம்பி, காலைல என்ன சாப்பிட்டீக?"

"வலி மாத்திரை மேடம்."

"எந்தக் கம்பெனிது?" என்றார் மேனேஜர்.

"போட்டிக் கம்பெனி சார்."

"அடப்பாவி!"

டிரிப் ஏற்றி, தொண்டை வழியாகக் குழாய் விட்டு, திரையில் என் இரைப்பையைக் காட்டினார் டாக்டரம்மா.

"இங்கன பாருங்க தம்பி. ஆட்டுக்கறியவே கரைக்கிற அமிலம் இத்தன வருசமா இந்தச் சுவர ஒண்ணும் செய்யல. ரத்தம் விடாம ஓடிக் காத்துச்சு. நீங்கதான் மறிச்சுப்புட்டீக."

புண்ணைச் சுற்றிலும் மிச்ச இடமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. அடேயப்பா! நன்றிகெட்ட எனக்காக என்னமாய் உழைத்திருக்கிறது! படம் காட்டியே விற்றுக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் அதன்மேல் மரியாதை வந்தது. மேசையை நாசமாக்கியவனை ஒரு வார்த்தை திட்டாமல் பிழைக்கவைத்த அந்த அம்மாள் மேல் இன்னும் கூடுதலாக வந்தது.

அதோடு விட்டாரா? மேனேஜரைக் கூப்பிட்டார்.

"எத்தனையோ ரெப்பு வந்துட்டுப் போறாக. வயித்தையே கொண்டாந்து காட்டி விளக்குன ஆளு இவரு ஒருத்தருதான். வேலைய விட்டு எடுத்துராதீக."

வேலை நிரந்தரமானது. எங்கள் வீட்டில் மட்டும் அன்றோடு வாந்தி என்ற சொல்லே ஒழிந்துபோனது. குமுளி மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, என் மகள் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்:

"அப்பா, ஜன்னலத் தொறங்க, எனக்கு விளக்கம் வருது!"