கடலுக்கு மடை வைத்தவன்

உலகத்தில் எத்தனையோ கடற்படைத் தளபதிகள் இருந்திருப்பார்கள். டவுன் பஸ்ஸில் வாந்தி எடுத்த தளபதி ஒருவன்தான். அவனை எனக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் வருவதற்குள் இரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் என் கடை மாடியில் வந்து நின்றுகொண்டு, "அலைக்குப் பொறந்த ஆளுகய்யா நாங்க!" என்று கத்தினால் எரிச்சல் வருமா வராதா?

பெயர் வேண்டாம். எங்களுக்கு அவன் மாலுமி. நூல் மில்லில் பிட்டர். சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம். அப்போது கடலை அவன் கண்ணால் பார்த்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் தறி ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடியில் ஒரு கூட்டம் சேரும். பெரிய பிளைவுட் மேசை. அதன் மேல் பொம்மைப் படைகளை நிறுத்திச் சண்டை போடுவோம். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். கதை நடப்பது பல ஆயிரம் வருடம் கழித்து, ஏதோ ஒரு கிரகத்தில். கழுதை வயதில் பொம்மை விளையாட்டா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சீட்டாடுகிறவனை எவனும் கேட்பதில்லை.

நடுவர் ராஜு அண்ணன். பஞ்சு புரோக்கர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மேசையிலும் தெலுங்குதான். குரல் பெரிது என்பதால் அவரை நடுவர் ஆக்கினோம். நியாயத்துக்காக இல்லை.

அவரவர் படையை அவரவரே கற்பனை செய்துகொள்ளலாம். பெயர், சபதம், சண்டை போடும் முறை எல்லாம் சொல்லிக் கூட்டத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். என்னுடையது இரும்புப் படை. போல்ட், நட்டு, பேரிங். மேலே ஏறினால் எதிரி காலி. அதற்கு மேல் கதை எதற்கு?

மாலுமி ஒரு காலைப்பொழுது பால்கோவா டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தின்னக் கொண்டுவந்திருக்கிறான் என்று நாங்கள் கை நீட்டினோம். உள்ளே நாற்பது வீரர்கள். நூல் கோனை வெட்டி உடம்பு, பேண்டேஜ் துணியில் மேலங்கி, தூண்டில் முள்ளில் ஈட்டி. தலைக்கு வைத்திருந்த பேரிங் குண்டுகள் அத்தனையும் என் கடையில் காணாமல் போனவை.

"இவிய ஆழிச் சேவகர்கள் அண்ணாச்சி. கிரகம் பூராவும் கடலு. அந்தக் கடலக் காக்குற வீரப் பரம்பரை. ஆயிரம் வருசமா கரைய விட்டு எறங்கல."

"கரைய விட்டு எறங்காதவன் எப்படிலே கடல் வீரன்?" என்றேன்.

"தண்ணி நெறஞ்சு கெடக்கையில எந்தக் கிறுக்கன் எறங்குவான்?"

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பதவிகளைச் சொல்ல ஆரம்பித்தான். கரைக்காரர், வலைக்காரர், எல்லாருக்கும் மேலே மடைக்காரர்.

"ஏலே, கடல்ல மடை ஏதுலே?"

"மடை இல்லாட்டித் தண்ணி எப்படி அண்ணாச்சி வெளிய போவும்?"

அவனுக்குத் தெரிந்த கடல், அவன் ஊர்க் கண்மாய். அதைத்தான் கிரகம் அளவுக்கு இழுத்து வைத்திருந்தான்.

விதிமுறை அதைவிட மோசம். மேசை நடுவில் தன் நீல லுங்கியை விரித்தான். அதுதான் சமுத்திரம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாண் மடக்குவான். தண்ணீர் வற்றுகிறதாம். முழுதாக வற்றி மடைக்காரர் உத்தரவு கொடுக்கும்வரை ஒரு சேவகனும் நகர மாட்டான். கொடுத்துவிட்டால் நாற்பது பேரும் ஒரே சுற்றில் இறங்குவார்கள். மற்ற படைகளில் சுற்றுக்கு ஐந்து பேர்தான் நகரலாம். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒப்புதல் கொடுத்துவிட்டோம். வயிறு வலிக்கும்போது எவன் யோசிப்பான்?

முதல் ஞாயிறு தோற்றான். லுங்கி பாதி மடங்குவதற்குள் ராஜு அண்ணன் வீட்டுச் சாப்பாட்டுக் கேரியர் வந்துவிட்டது. சாப்பாடு வந்தால் ஆட்டம் முடிந்தது, மிச்ச உயிரை எண்ணுவோம். கரையில் சும்மா நிற்கிறவனைச் சுடுவது ஒரு வேலையா? அடுத்த ஞாயிறும் தோற்றான். அதற்கடுத்து, அவனுடைய தலைமைக் கப்பலான பால்கோவா டப்பாவில் எறும்பு ஏறி, மேசையில் பாதி எறும்பாகிவிட்டது.

"அது என் படைதான் அண்ணாச்சி. உயிர்க் கணக்குல சேத்துக்கிடுங்க."

"ஏமிரா இதி!" என்று ராஜு அண்ணன் வேட்டியை உதறிக்கொண்டு குதித்தார். அவருக்குள்ளும் ஒரு பட்டாளம் ஏறியிருந்தது.

அதோடு பஞ்சாயத்து வந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து தோற்கிற படையைக் கலைத்துவிட வேண்டும். பொம்மைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு படை கட்ட வேண்டும். ராஜு அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

"வர்ற ஞாயிறு கடைசி. ஜெயிச்சா இருக்கட்டும். தோத்தா, குண்டெல்லாம் அண்ணாச்சி டப்பாவுக்குப் போயிரணும்."

நான் சந்தோஷப்பட்டேன். என் குண்டு எனக்கு வேண்டும். மாலுமி டப்பாவைத் திறந்தான். நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்து, துணியைச் சரிசெய்து, டப்பாவில் படுக்க வைத்தான். ஒவ்வொருவனுக்கும் பெயர் வைத்திருந்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"யோசனையா ஆடுலே. வெதிய மாத்திக்கோ. சீக்கிரம் எறக்கி விடு" என்றேன்.

"தண்ணி வத்தாம எறங்குனா அவிய சேவகர்களே இல்ல அண்ணாச்சி. கலைச்சாலும் சரித்தான்."

என்ன திமிர்!

கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். வழக்கம்போல் அவன் கரையில். நான் அவசரமே படவில்லை. தூர நின்று சுட்டால் பத்தாது, மேலே ஏறி மிதித்தால்தான் எனக்குத் திருப்தி. இரும்புப் படை மொத்தத்தையும் லுங்கியின் மேல் நடத்திக்கொண்டு போனேன். லுங்கி மடங்க மடங்க என் ஆட்கள் வெறும் பிளைவுட்டில் நின்றார்கள். இன்னும் இரண்டு மடிப்புதான் பாக்கி. கீழே படியில் குரல் கேட்டது.

"சாப்பாடு வந்துருச்சு!"

நான் எழுந்துவிட்டேன். "அம்புட்டுத்தான், உயிர எண்ணுங்க!"

"கூர்ச்சோ" என்றார் ராஜு அண்ணன்.

"சாப்பாடு வந்தா ஆட்டம் முடிஞ்சதுன்னு நீருதானய்யா சொன்னீரு?"

"உக்காருய்யா! தண்ணி வத்துனா என்ன ஆவும்னு எத்தன வாரமா மண்டைக்குள்ள கொடையுது. கேரியர் படியிலயே இருக்கட்டும். மாடிக்கு வந்தாத்தான் வந்ததாக் கணக்கு."

நியாயத்துக்காக அவரை நடுவர் ஆக்கவில்லை என்று முன்பே சொன்னேன்.

மாலுமி கடைசி மடிப்பை மடித்தான். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தான். நாற்காலி மேல் ஏறினான். தலைக்கு மேலே ஒரு சுழற்று சுழற்றினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழா அது! கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர் மொத்தமும் வலையோடு கரையில் நிற்கும். பெரிய மனிதர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுகிறவரை ஒருவரும் காலை நனைக்க மாட்டார்கள். வீசியதும் கூட்டம் பாயும் பாருங்கள், மீனுக்குத் தப்ப வழியே கிடையாது. இப்போது கண்மாய் நடுவில் நின்ற மீன் நான்.

"எறங்குங்கலே!"

நாற்பது பேரும் இறங்கினார்கள். என் ஆட்களை நகர்த்தப் போனேன்.

"சேறு அண்ணாச்சி. பாரம் கூடுன ஆளு நகர முடியாது. மொத நாளே சொன்னேன், நீங்கதான் சிரிச்சிக்கிட்டே இருந்திய."

ராஜு அண்ணன், "சொன்னான், சொன்னான்!" என்று குதித்தார். மாலுமி என் டீ கிளாஸைக் கவிழ்த்து என் தளபதியை மூடினான். அடியில்லாத கூடையை அமுக்கிக் கண்மாயில் மீன் பிடிப்பார்களே, அந்த ஊத்தாவாம் அது! கிளாஸுக்குள் கால் டம்ளர் டீ இருந்தது. என் தளபதி டீயில் மூழ்கிச் செத்தான். விண்வெளி வரலாற்றிலேயே அப்படி ஒரு சாவு யாருக்கும் வந்திருக்காது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சோறு ஆறிப்போயிருந்தது. ராஜு அண்ணன் தன் இலையில் இருந்த கறியை எடுத்து மாலுமிக்கு வைத்தார். எனக்கு வைக்கவில்லை.

ஜெயித்தவனுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று அடுத்த மாதம் அவருடைய காரில் திருச்செந்தூர் போனோம். மாலுமி வழிநெடுக வாந்தி. கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினோம். அலை தொடாத மணலிலேயே நின்றுகொண்டான்.

"அண்ணாச்சி, இது எப்ப வத்தும்?"

"வத்தாதுலே."

"எப்பவுமேவா?" முகம் செத்துப்போய்விட்டது. "அப்ப, பாவம், அவிய எப்பத்தான் எறங்குறது?"

நான் ஏதோ திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை.

இப்போது அவன் திருப்பூரில் ஒரு மில்லில் இருக்கிறான். பஸ்ஸுக்குப் பயந்து ஊருக்கு வருவதே அபூர்வம். பால்கோவா டப்பாவை என் மாடியிலேயே விட்டுவிட்டுப் போனான். ஆழிச் சேவகர்கள் நாற்பது பேரும் மேசை ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். கடையில் பேரிங் குண்டு தீர்ந்துபோகிற நாட்களில், "மாடியில் சும்மாதானே கிடக்கு, எடுத்துக் குடுங்களேன்" என்று யாராவது கேட்பார்கள்.

தண்ணீர் இன்னும் வற்றவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.