பதினைந்தடி ஆந்தை

"இத மொதல்ல எறக்கு பலவேசம்" என்று சிக்கந்தர் அண்ணாந்து பார்த்துச் சொன்னபோது, ஆந்தை ஏற்கெனவே சாரத்தின் உச்சிக்குப் போய்விட்டிருந்தது.

நிஜ ஆந்தை இல்லை. மூங்கில் பிளாச்சில் கட்டிய பதினைந்தடி சீரியல் செட் ஆந்தை. திருவிழாவுக்குக் கட்டும் மயிலின் தோகையைக் கழற்றிவிட்டு, மூக்கை வளைத்து, கண்ணுக்கு இரண்டு பச்சை போகஸ் லைட் வைத்து, மைக்செட் பலவேசம் பாசத்தோடு செய்தது. சுவிட்சைத் தட்டினால் கண் சிமிட்டும், தலையைக்கூட ஒரு பக்கம் திருப்பும்.

சிக்கல் ஒன்றுதான். சிக்கந்தர் தன் தோட்டத்தை ஒட்டிய தெருவில் இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருப்பதே விளக்குகளை அணைக்கச் சொல்லித்தான்.

ஓடைப்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சிக்கந்தர் யார் வம்புக்கும் போகாத மனிதர். ரோட்டோரத்து விளம்பரப் பலகைகளும் கல்யாண மண்டபங்களும் இரவு முழுக்க ஜெகஜ்ஜோதியாக எரியத் தொடங்கியதும், அவர் தோட்டத்து ஆந்தைகள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. ஆந்தை போனதும் எலி வந்தது. எலி வந்ததும் சொட்டுநீர்க் குழாயெல்லாம் புல்லாங்குழல் ஆயிற்று. குழாயை ஒட்டுவதே முழுநேர வேலையாகி, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே எலி மறுபடி கடித்து வைக்க, மனிதர் அழாத குறை.

அந்த நேரத்தில்தான் அரசு ஒரு மசோதா கொண்டுவரப் போவதாகப் பத்திரிகையில் படித்தார். தோட்டங்களையும் காடுகளையும் ஒட்டிய இடங்களில் பொழுது சாய்ந்த பிறகு அலங்கார விளக்கோ விளம்பர விளக்கோ எரியக் கூடாது. கரண்டும் மிச்சம், இராப் பறவைகளும் பிழைக்கும். தனக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எம்.எல்.ஏ. சட்டசபையில் இதற்காக ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அவருடைய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஊர் அவருக்கு 'ஆந்தை பாய்' என்று பெயர் சூட்டிச் சிரித்தது. அதையும் பொறுத்துக்கொண்டு நடந்ததில், கடைசியாக எம்.எல்.ஏ. இன்று மாலை வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இன்று கோட்டை விட்டால் அடுத்த தேர்தல் வரை அவர் கண்ணில் படமாட்டார்.

"எறக்குறதப் பத்தி ஒண்ணுமில்ல பாய். ஆனா வந்தவுகள இருட்டுல உக்கார வச்சா, நாளப்பின்ன என்னைய ஒரு காதுகுத்துக்காவது கூப்புடுவாகளா?" என்று பலவேசம் மேலிருந்தபடியே கேட்டார்.

டீ பிளாஸ்க்கோடு வந்த சிக்கந்தரின் மனைவி சல்மாவும் ஆந்தையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"நீங்க ஆந்தைக்காகக் கூட்டம் போடுறீகளா, ஆந்தைய வெரட்டக் கூட்டம் போடுறீகளா?"

நியாயமான கேள்வி. நாலு டியூப் லைட் போதும், ஆந்தை இறங்கட்டும் என்று முடிவாயிற்று. பலவேசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்த நேரத்தில், ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, அக்குளில் தோல்பை. ஆந்தையை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார்.

வந்தவரை 'யார் நீங்கள்' என்று கேட்கிற பழக்கம் சிக்கந்தர் குடும்பத்தில் கிடையாது. முதலில் தண்ணீர், அப்புறம் டீ, அப்புறம் பலகாரம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் பலகாரம். தவிர, இதில் கேட்க என்ன இருக்கிறது? பெரிய மனிதர்கள் வருவதற்கு முன்னால் ஏற்பாடுகளைப் பார்க்க ஆள் அனுப்புவது ஊருக்கே தெரிந்த வழக்கம்.

"இந்த ஆந்த எத்தன வாட்ஸ் பாய்?" என்று கேட்டார் ஸ்கூட்டர்காரர்.

சிக்கந்தருக்குச் சுருக்கென்றது. எம்.எல்.ஏ.வின் ஆளுக்கு வெளிச்சம் பற்றவில்லை போலிருக்கிறது. இந்த அற்ப விஷயத்தில் முகம் சுளித்து எம்.எல்.ஏ. பாதி வழியில் திரும்பிவிட்டால், மசோதாவும் போச்சு, ஆந்தையும் போச்சு. அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டும்படி பலவேசத்துக்குச் சைகை காட்டினார். பலவேசம் கட்டிய வேகத்தைப் பார்த்தால், அவர் அவிழ்த்திருப்பாரா என்பதே சந்தேகம்தான்.

பணியாரம் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டர்காரர் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இவ்வளவுதானா, வேறு எங்கேயாவது விளக்குப் போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார். சிக்கந்தர் கூனிக் குறுகிப் போனார். கால்மணி நேரத்தில் மெயின் ரோட்டு முக்கு வரைக்கும் இரு பக்கமும் சீரியல் செட் நீண்டது. நடுவில் ஒரு வரவேற்பு வளைவும் முளைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் மொத்த விளக்கையும் பலவேசம் ஒரே சுவிட்சில் போட, ஆந்தை ஒரு முறை கண் சிமிட்டியது. அதோடு டப்பென்று பியூஸ் போய், எல்லாம் அணைந்தது. தெரு இருண்டது. சிக்கந்தருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். படைத்தவனே பார்த்து அணைத்துவிட்டான், இனி யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது.

திரும்பிப் பார்த்தால், ஸ்கூட்டர்காரர் போட்டோ எடுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஒரு படம் எடுக்குறதுக்குள்ள அமந்திருச்சே பாய்."

அந்த முகவாட்டத்தைச் சிக்கந்தரால் தாங்க முடியவில்லை. ஜெனரேட்டர் வந்தது. ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காததால், பலவேசம் இன்னும் நாலு குழாய் ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றினார். சத்தமும் வெளிச்சமும் சின்னமனூர் ரோடு வரைக்கும் போய், எங்கோ திருவிழா என்று நினைத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். பலூன்காரர் வந்தார், பஞ்சுமிட்டாய்க்காரர் வந்தார். ஒரு பாட்டியம்மா ஆந்தைக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஸ்கூட்டர்காரர் இரண்டு மூன்று முறை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஜெனரேட்டர் விடவில்லை. கடைசியில் சிக்கந்தரின் காதருகே வந்து, இதெல்லாம் எத்தனை மணி வரைக்கும் எரியும் என்று கத்திக் கேட்டார். எம்.எல்.ஏ. எவ்வளவு தாமதமாக வந்தாலும் கவலையில்லை, விடிய விடிய எரியும் என்று சிக்கந்தர் பதிலுக்குக் கத்தினார்.

"எல்லாத்துக்கும் யாரு பொறுப்பு?"

பலவேசம் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். சிக்கந்தர் அவரைப் பின்னால் தள்ளினார். மசோதாவுக்காக அலைந்தது யார், பேர் வாங்கிக்கொண்டு போவது யார்?

"எல்லாம் நாந்தான். ஒரு பல்பு விடாம நாந்தான்."

ஸ்கூட்டர்காரர் மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார்.

எம்.எல்.ஏ. வந்து இறங்கியதும் அசந்து நின்றுவிட்டார். தன் வாழ்நாளில் ஒரு மசோதாவுக்கு இத்தனை கூட்டம் அவர் பார்த்ததில்லை. மேடை ஏறி ஆந்தையைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் இந்த ஊர் மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று மைக்கில் நெகிழ்ந்தார். ஜனங்கள் பஞ்சுமிட்டாயோடு கைதட்டினார்கள்.

"இந்த மசோதா சட்டமாகுற வரைக்கும் நான் சட்டசபையில ஓயமாட்டேன். இது இந்த ஆந்த மேல சத்தியம்."

சிக்கந்தருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நடந்த நடையெல்லாம், வாங்கிய கேலியெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்து போயின. பலவேசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூடத் தான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டு, பின்னால் சல்மா நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்று போகட்டும் என்று சல்மா சிரித்துவிட்டார்.

எம்.எல்.ஏ.வுக்குப் பொன்னாடை போர்த்தியாயிற்று. இரண்டாவது பொன்னாடையை ஸ்கூட்டர்காரருக்குப் போர்த்தி, எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்தார் சிக்கந்தர். எம்.எல்.ஏ. அவரை யாரோ உள்ளூர்ப் பிரமுகர் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். சிக்கந்தர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அண்ணன் அவர்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தன் கையாலேயே மைக்கை நீட்டினார்.

மைக் கிடைத்ததில் ஸ்கூட்டர்காரருக்கும் பெரிய நிம்மதி. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, தோல்பையைத் திறந்தபடி கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நான் மின்சிக்கன ஆபீஸ்லருந்து வர்றேன்; நீங்க கேக்குற மசோதா போன கூட்டத்தொடர்ல நம்ம எம்.எல்.ஏ. ஐயாவும் கை தூக்கிச் சட்டமாயிருச்சு, இன்னைக்கித்தான் அமலுக்கு வந்துச்சு, மாவட்டத்துலயே மொத நோட்டீசு நம்ம சிக்கந்தர் பாய்க்குத்தான்."