டூல்கிட்டுக்குப் பூக்கட்டிப் பார்த்த படலம்

வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். எதைக் கொண்டு செய்வது என்று தேர்ந்தெடுக்கத்தான் ஞானம் வேண்டும். 1988-இல் அந்த ஞானம் கொடைக்கானல் ஏரிக்கரை லாட்ஜ் ஒன்றில், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் குடியிருந்தது. பெயர் ஜெபதுரை. மதுரையில் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் படித்து வந்ததால் 'புரோகிராமர்' என்று அறியப்பட்டார்.

பழனிக்கார முதலாளி சேனாதிபதி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். எந்த அறை காலி என்பதை மே சீசனுக்குள் அது திரையில் காட்டினால் ஜெபதுரைதான் மேனேஜர் என்றும் வாக்களித்தார். ஜெபதுரைக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. சாவிகள் தொங்கிய ஆணிப் பலகை 'காலாவதியான முறை' என்று கழற்றப்பட்டது. சாவிகள் ஒரு வாளிக்குள் 'தற்காலிகமாக' இடம்பெயர்ந்தன.

திரையில் கட்டமும் மெனுவும் வரைந்து தர ஆயத்த டூல்கிட்டுகள் உண்டு. மதுரை நண்பர் இரண்டு பிளாப்பிகளில் இரண்டைக் கொடுத்திருந்தார். ஒன்று கட்டத்துக்கு நிழல் போடும். மற்றதில் மெனு மேலிருந்து இறங்கும். முதலாளி நிழலை ரசிப்பாரா, இறக்கத்தை ரசிப்பாரா? இந்த ஆய்விலேயே பிப்ரவரியும் மார்ச்சும் கழிந்தன.

"எதுலயாச்சும் வெரசா போட்டு விடுங்க தம்பி. ரூம் காலியான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் அறைகளைச் சுத்தம் செய்யும் தெரசம்மாள். அவருடைய 'பயனாளர் கருத்து' பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.

ஏப்ரல் கடைசியில் முதலாளியே வழி கண்டார். பழனியில் பெண் பார்ப்பதானாலும் நிலம் வாங்குவதானாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள்; பொட்டலங்களில் குழந்தை எடுப்பதுதான் சாமி உத்தரவு. பிளாப்பி மட்டும் என்ன குறைச்சல்? இரண்டையும் தனித்தனி வாழையிலைப் பொட்டலமாகக் கட்டிப் பழனிக் கோயில் சன்னிதியில் வைத்தார். வெறுமனே வைத்தால் மரியாதையில்லை என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி விபூதியும் போட்டார். ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்ததில் 'நிழல்' வந்தது. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரான ஜெபதுரைக்கே மெய்சிலிர்த்தது.

விபூதி அப்பிய பிளாப்பியைச் செருகியதும் கம்ப்யூட்டர் முறுக்குக் கடிப்பதுபோல் நறநறவென்றது. பிறகு பேசவில்லை.

வெளியே சீசன் கூட்டம். காலி அறைச் சாவியும், படகுச் சவாரிக்குப் போனவர்கள் விட்டுப்போன சாவியும் அதே வாளியில். புதுமணத் தம்பதியின் அறைக்குள் திருச்சிக் குடும்பமொன்று பாயும் பாட்டியுமாகக் குடியேறிவிட்டது.

சேனாதிபதி கோபப்படவில்லை. "போகட்டும்பா. இத்தன மாசத்துல ரெண்டுல எதுலயாச்சும் ஒரு வரி எழுதிப் பாத்தியா?"

"எதுன்னு முடிவாகாம எப்படிங்க முதலாளி எழுதுறது?"

முதலாளி உள்ளே போனார். பழைய பலகை, ஆணிகள், இரண்டு சுத்தியல்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். இருட்டுவதற்குள் பலகை தயாரானால் மேனேஜர் வாக்கு அப்படியே இருக்கும் என்றார்.

ஜெபதுரைக்குக் கண் கலங்கியது. நன்றியோடு இரண்டு சுத்தியல்களையும் கையில் ஏந்தி, மாற்றி மாற்றி எடை பார்த்தார்.

"பெருசு நல்லதாங்க, சிறுசு நல்லதாங்க?"

இத்தகைய நிதானத்தை வேறெங்கே காண முடியும்? அந்த நிதானத்தை நம்பித்தான் அன்றிரவு அத்தனை குடும்பங்களும் பெட்டியோடு பனியில் நின்றன.