பதில் தேவைப்படாத கேள்வி

புதிதாக ஏதாவது படித்தவர்கள் கொஞ்ச காலத்துக்கு வாயைக் கட்டிவைத்துக்கொள்வது ஊருக்கு நல்லது. கார் ஓட்டப் பழகியவர்களால் சாலையில் மட்டும்தான் ஆபத்து. ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கியவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே சேதம் விளைவிப்பார்கள். நான் விளைவித்தேன்.

மலேசியாவில் எழுபதுகளின் கடைசி. ஜெலாப்பாங்கில் அக்கா வீட்டில் தங்கி ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து, அப்பா பால்வெட்டும் ரப்பர் தோட்டத்துக்கு வருவேன். அந்த வாரம் வகுப்பில் படித்த அணிகளின் பெயர்களும் கூடவே வந்து இறங்கும். அப்பா இருட்டிய பிறகு வீடு திரும்பினால் அம்மா, "இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்களே" என்பார். நான் குறுக்கே புகுந்து அதற்குப் பெயர் அயரனி என்பேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது என்று அலுத்துக்கொண்டால் அது ஹைபர்போல். ஒருநாள் அம்மா கரண்டியைக் காட்டி, இதற்கு இங்கிலீஷில் என்ன பெயரோ, முதுகில் விழும்போது தெரியும் என்றார். (அப்படி முன்கூட்டியே குறிப்புக் காட்டுவதற்கும் ஒரு பெயர் உண்டு. சொல்லவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வெள்ளைக்காரத் துரை மாற்றலாகிப் போவது முடிவாகி, ஆபீஸுக்கு எதிரே இருந்த திடலில் பிரிவுபசார விழா ஏற்பாடானது. ஆபீஸைக் கட்டியாண்ட தலைமை எழுத்தரான பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நீர் இங்கிலீஷிலை பேசும். நான் சனத்துக்குத் தமிழிலை சொல்லுறன்" என்றார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால்வெட்டுக்காரர்களை மேய்க்கும் மண்டோர் வேலை ஒன்று காலியாக இருந்தது. போவதற்குள் துரை அதற்கு ஆள் போடுவார் என்றும், அப்பாவின் பெயர் அடிபடுகிறது என்றும் பேச்சு. மகள் நன்றாகப் பேசினால் கெட்டா போய்விடும்?

நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். துரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் வகுப்பில் நடத்திய அத்தனை அணிகளும் தெரியும். ஒன்றைக்கூட வீணாக்க மனம் வரவில்லை. எழுதி முடித்து, கண்ணாடி முன்னால் நின்று நெட்டுருப் போட்டேன்.

விழா நாளில் துரை கழுத்துக் கொள்ளாத மாலையோடு உட்கார்ந்திருந்தார். தோட்டமே தரையில் அமர்ந்திருந்தது. நான் கையை விரித்து, எதிரே இல்லாதவற்றையும் பேசாதவற்றையும் விளிக்கும் அப்பாஸ்ட்ரஃபி என்ற அணியோடு ஆரம்பித்தேன். கிராணி கணீரென்று தமிழாக்கினார்: "ஓ, பால்மரங்களே!"

கூட்டம் மொத்தமும் திரும்பி மரங்களைப் பார்த்தது. அங்கே ஏதோ நடக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். துரையும் எட்டிப் பார்த்தார்.

அடுத்தது, எதிரெதிர்ச் சொற்களை ஒட்டவைக்கும் ஆக்ஸிமோரான். துரையின் 'இனிய கொடுமை'யைப் புகழ்ந்தேன். கிராணி ஒரு கணம் திணறி, "துரை பொல்லாதவர்தான், ஆனால் நல்ல மனுசன்" என்று ஒப்பேற்றினார். அதற்குள் அப்பாவின் புன்னகை பாதியாகியிருந்தது.

இதற்கெல்லாம் மேலே சிகரமாக நான் வைத்திருந்தது ரெட்டரிக்கல் குவெஸ்டியன். பதிலை எதிர்பார்க்காமல் கேட்கப்படும் கேள்வி. கேட்டபின் கொஞ்சம் நிறுத்த வேண்டும், அந்த மௌனம்தான் அழகு என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். இந்த மனிதர் நமக்கு என்னதான் செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

"இந்த மனுசன் எங்களுக்கு என்னதான் செய்யேல்லை?" என்றார் கிராணி.

நான் அழகாக நிறுத்தினேன்.

இரண்டாவது வரிசையிலிருந்து, மேட்டிலிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்த பச்சையம்மா அக்கா, கேட்டதற்குப் பதில் சொல்லும் குரலில் நிதானமாகச் சொன்னார்: "மேட்டு லயத்துக்குத் தண்ணிக் கொழா போடல லா."

பக்கத்திலிருந்தவர், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக் கூரை ஒழுகுவதை நினைவூட்டினார். இன்னொருவர், கக்கூஸுக்குக் கதவு போட்டுத் தருவதாகச் சொல்லி எத்தனை தீபாவளி போயிற்று என்று கேட்டார். (அதுவும் ரெட்டரிக்கல்தான். ஆனால் அதற்கும் பின்னாலிருந்து கணக்குச் சொன்னார்கள்.)

அங்கேயே நான் உட்கார்ந்திருக்கலாம். நெட்டுருப் போட்டவளுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது. அடுத்த வரியையும் கேட்டுத் தொலைத்தேன்: இவர் மறந்துபோன குடும்பம் ஒன்று உண்டா? கிராணியாவது அதை விழுங்கியிருக்கலாம். துரை பேச்சைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியே பழகிய வாய், அதையும் சொல்லிவிட்டது. நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள்.

துரை கிராணி பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நன்றியும் வணக்கமும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கினேன். பலமாகக் கைதட்டினார்கள். தோட்டத்தில் அதுவரை யாரும் அவர்களிடம் இப்படி வரிசையாகக் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான், "நாளைக்குப் பெரட்டுல தொர மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பெயர் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் துரை அப்பாவிடம் வந்தாராம். தோட்டத்துத் தமிழ் அவருக்கு எல்லாமே புரியும் என்பதை நாங்கள்தான் மறந்திருந்தோம். "உன் மவளா? அவன் நல்லாக் கேக்குறான்" என்று தனக்கு வந்த அரைகுறைத் தமிழில் மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

மண்டோர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அது என் பேச்சால்தான் என்று அம்மாவும், அந்த ஆள் தன்னைவிட மூத்தவர் என்று அப்பாவும் கடைசிவரை சாதித்தார்கள். அடுத்த வருடம் புதுத் துரை அப்பாவை மண்டோராக்கினார். மேட்டு லயத்துக்கு மட்டும், பழைய துரை கிளம்பும் முன்பே குழாய் வந்துவிட்டது. பச்சையம்மா அக்கா அதை 'இங்கிலீஷ் கொழா' என்றார். தோட்டம் துண்டாடப்பட்டு எல்லோரும் டவுனுக்குப் போகும்வரை அதற்கு அதுதான் பெயர்.

சில வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்கத் தெலுக் இந்தானிலிருந்து வந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளையின் மாமா கனிவாக, "எங்க பையனப் புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யம்மா, இது பதில் சொல்ற கேள்விதான்."

எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அப்புறம் என்ன, வந்தவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்த மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு.

அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அடுப்படியில் நின்றுகொண்டு, இந்த வீட்டில் எனக்கு எத்தனை கை இருக்கிறது என்று கத்தினால், அவர் பேப்பரைத் தாழ்த்தாமலே, "பதில் வேணுமா, வேணாமா?" என்று கேட்கிறார்.