பாறைமேல் படுத்திருக்கும் ஸ்ப்ரூஸ் கட்டை

அன்புள்ள ஐலி சித்திக்கு,

இர்மெலி வணக்கத்துடன் எழுதுவது. சித்தப்பாவின் முதுகுவலி தேவலையா? சித்தி, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், சித்தப்பாவுக்குக்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். தொலைபேசி அப்பாவின் அறை வாசலில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். விடிந்ததும் சைக்கிளில் வந்து உங்கள் தபால் பெட்டியில் போடுவேன்.

எங்கள் படகுத்துறைக்கு எதிரே பாறையில் ஒரு சீல், கடல்நாய் இனம்தான், வந்து படுத்திருக்கிறது. நீங்கள் ஏரி முழுக்கத் தேடித் தேடிக் கணக்கெடுக்கிற, நம் சைமா ஏரியில் மட்டுமே வாழும் அதே அரிய சீல்! பழைய முடியை உதிர்க்க வெயில் காய்கிறது. இன்று மாலை அப்பாவும் பக்கத்து வீட்டுத் தௌனோ மாமாவும் சவுனா நீராவி அறையில் நன்றாக வெந்துவிட்டு, துண்டோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் மூக்கிலும் கண்ணாடி இல்லை.

"அங்க என்னடி அது, கறுப்பா, குண்டா?" என்றார் தௌனோ மாமா. சீல் என்று அவர் காதில் விழுந்தால் ஊருக்கே சொல்லிவிடுவார், மறுநாளே ஏரியில் உள்ள படகெல்லாம் கேமராவோடு வந்து நிற்கும். பயத்தில், "ஸ்ப்ரூஸ் மரக்கட்டை மாமா, கரை ஒதுங்கியிருக்கு" என்றேன்.

"கட்டை எதுக்குப் பொரளுது?"

"அலை அடிக்குது மாமா."

"பாறை மேலயா?"

"பெரிய அலை."

"ஒரு பக்கம் மீசை மாதிரி தெரியுதே?"

"ஊசியிலை மாமா."

சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. யோசித்தால் இரண்டும் ஒரே சாதிதான் சித்தி. ஸ்ப்ரூஸுக்கு வளையம் மரத்துக்குள்ளே, சீலுக்கு வெளியே ரோமத்தில். இரண்டும் பனியைச் சட்டை செய்யாது. இரண்டும் நாள் முழுக்கச் சும்மா இருக்கும், யாரும் திட்டுவதில்லை. ஒன்று நின்றுகொண்டு தூங்குகிறது, மற்றது படுத்துக்கொண்டு தூங்குகிறது. தொப்பை விஷயத்தில்தான் மரம் தோற்றுப்போகும். உள்ளுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும்போதே தௌனோ மாமா தொடையில் தட்டினார்.

"நல்லதாப் போச்சு! காலையில கயிறு கட்டிப் படகுல இழுத்துரலாம். பொளந்து போட்டா சவுனாவுக்கு ஒரு மாசம் எரிக்கலாம்."

"ஸ்ப்ரூஸ் அடுப்புல படபடன்னு வெடிக்குமேப்பா" என்றார் அப்பா.

"வெடிக்கட்டுமே, ஓசிதானே!"

சித்தி, உண்மையைச் சொன்னால் படகுகள் வரும், சொல்லாவிட்டால் கோடாரி வரும். பாதி முடியோடு அது மிரண்டு ஓடிவிட்டால்? காலைக் காப்பிக்கு முன் நீங்களே வந்து, முகத்தை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டு, "இந்தக் கட்டையை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் தனியாகச் சொல்லலாம்தான். ஆனால் அவர் தௌனோ மாமாவிடம் எதையும் மறைத்ததே

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள். அப்பா!

"இர்மெலி, முழிச்சிருக்கியா? சத்தம் போடாம வெளிய வா. அந்தக் கட்டை தும்முதுடி! தௌனோகிட்ட மட்டும் மூச்சு விட்டுராத..."