வாத்து பத்திரம், மாப்பிள்ளை

முதலிபாளையம்,
வியாழக்கிழமை காலை.

பெங்களூரில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை தங்கதுரை அவர்களுக்கு மாமனார் அர்த்தநாரி எழுதுவது. நூல் விலை ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் நல்ல சுகம். தாங்களும் மகள் நித்யஸ்ரீயும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் வரும் முறுக்கு டப்பாவுக்குள், கைக்குட்டையில் சுற்றி, தாங்கள் போனில் கேட்ட பென் டிரைவை வைத்திருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

போனில் தாங்கள் "ஐயோ மாமா, ஐயோ மாமா" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் நடந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. முறையாக எழுதுகிறேன். நம் எம்பிராய்டரி மிஷினுக்கு டிசைன் பென் டிரைவில்தான் போக வேண்டும். ஆயுத பூஜையன்று அந்த மஞ்சள் வாத்து டிசைனை, எண்ணூறு குழந்தைச் சட்டை வெட்டி வெச்சுக் காத்துக்கிட்டிருக்குதே அந்த வாத்தை, கம்ப்யூட்டர்ல இருந்து நானே மாத்துனேன். காப்பி பண்ணலீங்க, கட் பண்ணித்தான் போட்டேன். முப்பது வருசமா குடோன் பாக்கறவன் நான். குடோன்ல இருந்து தையல் லைனுக்குப் போன துணி குடோன்லயும் இருக்குதுன்னு காட்டுனா அந்த ஸ்டாக்கை எவன் நம்புவான்? ஒரு வாத்து ஒரு எடத்துலதான் இருக்கோணும். நல்ல நேரம் முடிய ரெண்டே நிமிசம். மிஷின் ஓட்டற ஆரோக்கியராஜ், தூத்துக்குடிப் பக்கத்து ஆளு, குறுக்க வந்து, "எஜெக்ட் குடுத்துட்டு எடுங்க முதலாளி. முடிஞ்சிட்டுன்னுதான் காட்டும், உள்ள இன்னும் எழுதிக்கிட்டு இருக்கும்"ன்னான். வேலை முடிஞ்சுதுன்னு அதுவே சொன்னப்புறம் அதுகிட்ட நான் எதுக்கு உத்தரவு கேக்கறதுன்னு உருவிட்டேன். கத்திரிக்கோலு, இஞ்ச் டேப்போட அதையும் தட்டுல வெச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைச்சு, பூஜை ஜோரா நடந்துச்சு.

லீவு முடிஞ்சு வந்து சொருகுனா மிஷின் ஏத்துக்கல. சந்தனத்தைத் தொடச்சுட்டுச் சொருகுனோம், அப்பவும் ஏத்துக்கல. கம்ப்யூட்டர்ல போட்டா, பார்மட் பண்ணித்தான் இதை உபயோகிக்க முடியும், பண்ணட்டுங்களான்னு கேட்டுச்சு. நம்ம கம்பெனில இத்தனை மரியாதையா என்னை யாரு கேட்டிருக்காங்க? சரின்னுட்டேன். அரை நிமிசத்துல முடிச்சுது, மிஷினும் உடனே ஏத்துக்குச்சு. ஆரோக்கியராஜைத் திரும்பி ஒரு பார்வை பாத்தேன். அவன் என்னைப் பாக்கல, மிஷினைப் பாத்துட்டு, உள்ள வாத்து இல்லீங்கன்னான்.

உண்மையைச் சொல்றேன், ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க. அடுத்த சனிக்கிழமை, சட்டை வாங்கற பையரோட ஆளு இன்ஸ்பெக்சனுக்கு வர்றாரு. அஞ்சு சாம்பிள் தள்ளிட்டு ஆறாவதாத்தான் இந்த வாத்தை ஓகே பண்ணுனாரு. ஒரு தையல் மாறுனாலும் எண்ணூறு சட்டையும் நம்ம தலையிலதான். டிசைன் போட்டுக் குடுத்த பெருமாநல்லூர் வேல்குமார், லேப்டாப்புல எடம் பத்தலைன்னு போன மாசமே அழிச்சுட்டானாம். உலகத்துல இருக்கற ஒரே வாத்து இந்த முறுக்கு டப்பாக்குள்ளதான் இருக்குது.

ஆனா தாங்கள் போனில் விளக்கியதும் எனக்குப் போன உசுரு திரும்பிருச்சு. பார்மட் பண்ணுனா ரேக்குல ஒட்டுன சீட்டும் ரிஜிஸ்டரும் மட்டுந்தான் போகும், துணி வெச்ச எடத்துலயே கெடக்கும், சீட்டு இல்லாத ரேக்கைக் கம்ப்யூட்டர் காலின்னு நெனச்சுக்கும், அவ்வளவுதான்னு சொன்னீங்க. வாத்து மேல வேற எதையும் வெச்சுறாதீங்க மாமா, வெச்சா அழிஞ்சு போயிரும்னும் சொன்னீங்க. குடோன் சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங்களா! அன்னைக்கே பென் டிரைவை பீரோல வெச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். ஆரோக்கியராஜ் மஞ்சள் நூலு மாட்டி ரெடியா இருக்கான். வாத்தைத் தோண்டி எடுத்து மெயிலில் அனுப்பிவிட்டால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் அண்ணமார் சாமி என்றும் துணையிருக்கட்டும். தீபாவளிக்கு அவசியம் வந்துசேரவும். அதற்குள் எண்ணூறு வாத்தும் கப்பல் ஏறியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் மாமா
அர்த்தநாரி

பி.கு.: டப்பாவை ஒட்டறப்ப உங்க அத்தை புடிச்சுக்கிட்டா. கட்டிக் குடுத்த புள்ளை ஊட்டுக்கு பென் டிரைவை வெறுமையாவா அனுப்பறதுன்னு கேட்டா. நாயந்தானுங்களே, ஒரு தூக்குப்போசியைக்கூட நாம வெறுமனே அனுப்புனதில்லை. அதனால பூஜை வீடியோவும், மாரியம்மன் பொங்கல் வீடியோ மூணு நாளுதும் ஏத்தியிருக்கேன், நித்யஸ்ரீயைப் பாக்கச் சொல்லுங்க. தாங்க சொன்னது நல்லா ஞாபகம் இருந்துச்சு. வாத்து மேல எதையும் வெக்கலீங்க. கம்ப்யூட்டர் காலின்னு காட்டுன எடத்துல மட்டுந்தான் வெச்சேன். ஒரு துளி எடம் பாக்கி இல்லாம நெம்பிருச்சு.