தீப்பிடிக்காத பதினோரு வருஷம்

இருளாண்டியின் வேலையைக் காப்பாற்றியே தீருவது என்று சூப்பரின்டெண்ட் தேவாசீர்வாதம் முடிவு செய்தபோது, சென்னையிலிருந்து சிக்கன அதிகாரி வந்து சேர ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

ஹார்ட்வெல் ஆயில் கம்பெனிக்கு அந்த 1964ஆம் வருஷம் திடீரென்று சிக்கனம் பிடித்துக்கொண்டது. செலவைக் குறைப்பது எப்படி என்று பெரிய அதிகாரிகள் முப்பது பேர் மனைவி மக்களோடு ஊட்டியில் நான்கு நாள் தங்கி ஆலோசித்தார்கள். இனிமேல் காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தச் செய்தி, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, விருதுநகர் டிப்போவுக்கும் மூன்று பிரதியாக வந்தது.

அதன் பின்னாலேயே ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. விருதுநகர் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மண்ணெண்ணெய் டிப்போவுக்கு ஒரே ஒரு பெயர்: தீக்காவலாளி இருளாண்டி. ‘பதினோரு ஆண்டுகளாக இங்கே தீ விபத்து இல்லை. எனவே தீக்காவலாளி தேவையில்லை.’

தேவாசீர்வாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்குவது அவருக்குக் கைவந்த கலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் ஆரம்பிக்கும் முன்பே கைக்குட்டையை எடுத்துவிடுவார்.

“ஏலே இருளாண்டி, தீப்பிடிக்காமப் பாத்துக்கிட்டதுக்கு இது தண்டனையாலே?”

“அய்யா, நான் என்ன சொல்லுதேம்னா...”

“ஒண்ணும் சொல்லாதே. ஒம் மனசு எனக்குத் தெரியும்.”

“இல்லேங்கய்யா, கம்பெனி சொல்லுதபடியே...”

“பாரு, இந்த நேரத்துலயும் கம்பெனிக்கு விசுவாசம்!” கைக்குட்டை வெளியே வந்தது. “நான் இருக்கேம்லே. நீ போயி வாளிக்கெல்லாம் செவப்புப் பெயின்ட் அடி. நாளைக்கு ஆபீசர் வரும்போது நீ ஒரு நிமிசம் சும்மா நிக்கக்கூடாது.”

மறுநாள் காலை சிக்கன அதிகாரி பூவராகன் முதல் வகுப்பில் வந்து இறங்கினார். கூடவே பெட்டி தூக்க ஒருவர், ஃபைல் தூக்க ஒருவர். டிப்போவுக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது இருளாண்டிதான். மணல் வாளிகளுக்கு நடுவில், துண்டை விரித்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் பகலில் அவன் கண் அசந்ததாக யாரும் பார்த்ததில்லை.

“இவர்தானா அந்தத் தீக்காவலாளி?”

தேவாசீர்வாதம் முந்திக்கொண்டார். “தூங்கலை சார். தரையில காதை வச்சுக் கேக்கான். பூமிக்கடியில குழாய் ஒழுகினா இவனுக்குச் சத்தம் கேட்டுரும்.”

“குறட்டை வருதே?”

“அது... கவனம் சார். ஆழ்ந்த கவனம்.”

பூவராகன் ஏதோ குறித்துக்கொண்டார். தேவாசீர்வாதம் விடவில்லை. அதிகாரிக்குக் காபியும் பக்கோடாவும் வரவழைத்து, இருளாண்டியை உலுக்கி எழுப்பி, நேரில் கொண்டுவந்து நிறுத்தினார். “கேளுங்க சார். தொழில்ல எந்தக் கேள்வி வேணும்னாலும் கேளுங்க.”

“டாங்க் பக்கம் தீப்பிடிச்சா முதல்ல என்ன செய்வே?” என்றார் பூவராகன்.

“ஓடிருவேங்கய்யா.”

“தண்ணி எடுக்க!” என்று பதறினார் தேவாசீர்வாதம்.

“இல்லேங்கய்யா. வீட்டுக்கு.”

“வீட்டுக்கு ஓட கம்பெனி ஒரு ஆள் போட வேண்டியதில்லையே, மிஸ்டர் தேவாசீர்வாதம்? மத்தவங்க எல்லாரும் இலவசமாவே ஓடுவாங்க.” பூவராகன் பட்டியலில் இருளாண்டியின் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். “சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போட்டுடறேன்.”

சாப்பாட்டு நேரம். தேவாசீர்வாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், ஏழை. அதிகாரியைக் கண்டதும் பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது. பேச வராதவன் செயலில் காட்டுவான். ஆனால் செயல்பட ஒரு தீ வேண்டுமே?

இருபத்தாறு வருஷம் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து, தீக்குச்சியைக் கண்டாலே சீறும் மனிதர், அன்று கடைத்தெருவுக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தார். டாங்குகள் காலியாகத்தான் கிடந்தன. சிக்கனத்தை முன்னிட்டு அந்த வாரம் வேகன் அனுப்பவில்லை. இருந்தும் ஜாக்கிரதையாக, டாங்குகளுக்கு நேர் எதிர்க்கோடியில், மதில் ஓரமாக, நாலு கிழிந்த சாக்கைக் குவித்துக் கொளுத்தினார்.

“தீ! தீ! ஏலே இருளாண்டி!”

இருளாண்டி வந்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல நடந்து வந்தான். சாக்குக் குவியலைப் பார்த்தான். சூப்பரின்டெண்டின் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அணைலே!”

“அதுவா அணையும்யா.”

அது அணையவில்லை. காற்று திரும்பியது. மதிலோரம் காய்ந்து கிடந்த கோரைப்புல் குப்பென்று பற்றி, மூலையிலிருந்த கக்கூசின் ஓலைக் கூரைக்குத் தாவியது. குழாயை நோக்கி ஓடிய தேவாசீர்வாதம் பாதியில் நின்றார். சிக்கன நடவடிக்கையாகக் குழாயை மாலை ஆறு மணி வரை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

அப்போது கக்கூசுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஐயோ! கதவு திறக்க வரலே! யாராவது வாங்களேன்!”

பூவராகன்! காலையில் தின்ற பக்கோடா அவரை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது.

பெட்டி தூக்க வந்தவரும் ஃபைல் தூக்க வந்தவரும் முதல் கூச்சலிலேயே மதிலைத் தாண்டிவிட்டார்கள். இருளாண்டி ஒரு விநாடி நின்றான். வானத்தைப் பார்த்தான். “எந்தலையெழுத்து!” என்று பல்லைக் கடித்தான். பிறகு நடந்ததைத் தேவாசீர்வாதம் கண்ணால் பின்தொடரக்கூட முடியவில்லை. ஒரே உதையில் கதவு பெயர்ந்தது. அதிகாரி ஒரு மூட்டையாக அவன் தோளில் வெளியே வந்தார். பன்னிரண்டு வாளி மணல் பறந்தது. பச்சை வேப்பங்கிளையை ஒடித்து அடித்து அடித்து, மூன்றே நிமிஷத்தில் புகையைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை.

பூவராகன் தரையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து, அந்தப் பெயரை நாலு தடவை அடித்தார். “இவரை வேலையிலேருந்து நீக்கறதாவது! இந்த டிப்போ இருக்கிற வரைக்கும் இவர் இருக்கணும். ரிட்டயர் ஆகிற வயசு வந்தாலும் விடக்கூடாது. இதை ஆர்டராவே போட்டுடறேன்.”

இருளாண்டி கரிபிடித்த கையைப் பார்த்தபடி வாளிகளுக்கு நடுவில் போய்க் குந்திக்கொண்டான். ஆனந்தத்தில் வாயடைத்துப்போயிற்று என்று தேவாசீர்வாதம் எண்ணிக்கொண்டார். தம் புருவம் இரண்டும் பொசுங்கிப்போனது அவருக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கிக்கொண்டு, நல்ல செய்தியைத் தம் வாயாலேயே சொல்ல இருளாண்டியின் வீட்டுக்குப் போனார். அவன் பெண்சாதி ராமுத்தாய் வாசலில் கூலிக்குத் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். தேவாசீர்வாதம் ஒன்றுவிடாமல் சொன்னார்: பட்டியல், தீ, அதிகாரியின் ஆர்டர், எல்லாம். தீயை வைத்ததே தாம்தான் என்பதையும், குரலைத் தாழ்த்தி, அடக்கத்தோடு சொன்னார்.

ராமுத்தாய் பசைக்கையோடு தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாள்.

“அழாதேம்மா,” என்றார் தேவாசீர்வாதம், கைக்குட்டையை எடுத்தபடி. “நான் என்ன பெரிசாச் செஞ்சுட்டேன்?”

“நல்லா இருப்பீக அய்யா, ரொம்ப நல்லா இருப்பீக,” என்றாள் அவள். “ஆளக் குறைக்கையில வேலைய விட்டுப் போறவுகளுக்குக் கையில அஞ்சாயிரம் ரூவா தாராகன்னு கேள்விப்பட்டு, உங்க காதுல விழுந்தாக் கெடுத்துருவீகன்னு பயந்து, உங்களுக்குத் தெரியாம மெட்ராசுக்கு மூணு மனுப் போட்டுல்லய்யா அவுக பேரை அந்த லிஸ்ட்டுல ஏத்தியிருந்தோம்!”